மலையிலிருந்து ஆய்வு மாநாட்டுக்கு: மனித–கணினி ஊடாட்டத் துறையில் யார் எழுதலாம், எங்கே அனுப்பலாம், எதை நம்பலாம்

உதகை, குன்னூர், கூடலூர் பக்கம் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களின் மின்னஞ்சலைத் திறந்தால் ஒரே அச்சில் வார்த்த அழைப்புகள் வந்து கிடக்கும். “சர்வதேச மாநாடு. கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நாளை மறுநாள். ஏற்புக் கடிதம் மூன்றே நாளில். சான்றிதழ் உறுதி.” இன்னொரு பக்கம், பெரிய கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் “எங்கள் கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது” என்று கொண்டாடுகிறார்கள். அதற்கு ஒரு வருடத்துக்கு மேல் உழைத்ததாகவும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் மாநாடுதான். வித்தியாசம் தெரியாமல் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுபவர்கள் உண்டு. இதெல்லாம் நமக்கு எட்டாது என்று ஒதுங்கிவிடுபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். இந்தத் துறைக்கு வேண்டிய கேள்விகள் நீலகிரியில் அவ்வளவு இருக்கின்றன.

அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

மனித–கணினி ஊடாட்டம்: எதை ஆராய்கிறார்கள்?

ரேஷன் கடையில் விரல்ரேகைக் கருவி இருக்கிறது. கருவியில் பழுது எதுவும் இல்லை. ஆனால் பல வருடமாகக் கொழுந்து பறித்த ஒரு அம்மாவின் விரலில் ரேகை தேய்ந்திருக்கிறது, இலைக்கறையும் ஏறியிருக்கிறது. கருவி “பொருந்தவில்லை” என்கிறது. அந்த அம்மா திரும்பத் திரும்பக் கையைத் துடைத்து வைக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது. மின்னணுப் பொறியாளரைக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். மனித–கணினி ஊடாட்டத் துறை கேட்கும் கேள்வி வேறு: இதை வடிவமைத்தபோது யாருடைய விரலை மனதில் வைத்தார்கள்? ரேகை விழாதபோது அடுத்த வழி என்ன, அந்த வழி கடைக்காரருக்குத் தெரிகிறதா, அதுவரை அந்த அம்மா எவ்வளவு நேரம் கூச்சத்தோடு நிற்க வேண்டியிருக்கிறது?

ஆகவே இது கணினிக்காரர்கள் மட்டும் செய்யும் வேலை அல்ல. உளவியல், வடிவமைப்பு, மானிடவியல், மொழியியல் எல்லாம் இதில் கலக்கின்றன. ஒரு இலக்கின் தூரமும் அளவும் விரல் அதைச் சென்றடையும் நேரத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்று 1954-ல் கணக்குப் போட்டுக் காட்டிய பால் ஃபிட்ஸ் ஓர் உளவியலாளர். திரையில் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய இன்றும் அவர் சூத்திரம் பயன்படுகிறது. சமூகவியல் முதுகலை படிக்கும் மாணவி இந்த மாநாடுகளுக்கு எழுதலாம், தாராளமாக.

இதழ் இருக்க, மாநாடு எதற்கு?

கல்லூரிகளில் குழப்பம் தொடங்கும் இடம் இது. பல துறைகளில் மாநாடு என்பது முடியாத வேலையைப் பற்றிப் பேசிப் பார்க்கும் இடம். முடிந்த வேலை ஆய்விதழில் வரும். கணினித் துறையில் அப்படி இல்லை. மாநாட்டுக்கு முழுக் கட்டுரையே அனுப்ப வேண்டும். அதே துறை ஆய்வாளர்கள் படித்து மதிப்பிடுவார்கள், தேறியவை மாநாட்டுத் தொகுப்பாக வெளியாகும். அதுவே இறுதி வெளியீடு. மற்றத் துறைப் பேராசிரியர்கள் “வெறும் மாநாட்டுக் கட்டுரைதானே” என்று ஒதுக்குவது இந்த வழக்கம் தெரியாததால்தான்.

செய்து காட்டினால்தான் புரியும் என்பது இன்னொரு காரணம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொண்ணூறு நிமிடம் மேடையில் உட்கார்ந்து மவுஸ், இணைப்புச் சொடுக்கு, தொலைவிலிருந்து காணொளியில் பேசியபடி ஒரே ஆவணத்தில் சேர்ந்து வேலை செய்வது எல்லாவற்றையும் நேரில் இயக்கிக் காட்டினார். காகிதத்தில் படித்திருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு. அதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்ய நிறுவனத்துக்கு ஒரு விசைப்பலகை, எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். ஒருவர் அனுப்பியது இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். அந்த மாநாட்டின் விளைவாக தமிழ்99 விசைப்பலகை தரமாகி, தமிழக அரசும் அதே ஆண்டில் அதை ஏற்றது. அதன் அமைப்பைக் கவனியுங்கள்: உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் வலது கைப் பக்கம், இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். க-வை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குத் தானாகப் புள்ளி விழும். தமிழ் எழுதும் கை எப்படி நகர்கிறது, எந்த எழுத்துக்குப் பின் எது வருகிறது என்று பார்த்துச் செய்த வடிவமைப்பு அது. மனித–கணினி ஊடாட்ட ஆய்வு என்ற பெயர் வைக்காமலே நாம் செய்த மிக நல்ல ஆய்வு என்று அதைச் சொல்வேன்.

எந்தெந்த மாநாடுகள்?

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்திருக்க வேண்டியவை சில.

1. சிஎச்ஐ. ‘கை’ என்று உச்சரிக்கிறார்கள். 1947-ல் தொடங்கிய ஏசிஎம் என்ற கணினி அறிஞர்கள் சங்கத்தின் சிக்காய் என்ற பிரிவு நடத்துவது. முதல் கூட்டம் 1982-ல் அமெரிக்காவின் கெய்தர்ஸ்பர்க் நகரில். 2023-ல் ஹாம்பர்க், 2024-ல் ஹொனலூலு, 2025-ல் யோகஹாமா என்று ஊர் மாறிக்கொண்டே போகும். துறையில் மிகப் பெரியது, நுழைவதும் கடினம். 2024-க்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. ஏறத்தாழ கால் பங்குதான் தேறியது.

2. இன்டராக்ட். ஐஎஃப்ஐபி என்ற உலகக் கூட்டமைப்பு நடத்துவது, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. முதல் மாநாடு 1984-ல் லண்டனில். 2017-ல் மும்பைக்கு வந்தது.

3. இந்தியா எச்சிஐ. எச்சிஐ என்பது மனித–கணினி ஊடாட்டத்தின் ஆங்கிலச் சுருக்கம். ஆண்டுதோறும் இந்திய நகரம் ஒன்றில் நடக்கும். மலையிலிருந்து முதல் முறை எழுதுபவருக்கு நான் முதலில் காட்டும் வாசல் இதுதான்.

4. காம்பஸ், ஐசிடிடி. கணினியும் சமூக வளர்ச்சியும் சேரும் இடம். ஐசிடிடி 2006-ல் பெர்க்லியில் தொடங்கி அடுத்த ஆண்டே பெங்களூரு வந்தது. காம்பஸ் 2024-ல் புது தில்லியில் நடந்தது. ஆதிவாசி ஊர்கள், சிறு விவசாயிகள், ரேஷன் கடை போன்ற களங்களில் வேலை செய்தவர்களுக்கு ‘கை’யைவிட இங்கே காது கொடுப்பவர்கள் அதிகம்.

5. தமிழ்க் கணிமைக்காக இயங்கும் உத்தமம் அமைப்பு நடத்தும் தமிழ் இணைய மாநாடு. 2010-ல் செம்மொழி மாநாட்டோடு சேர்ந்து கோவையில் நடந்தது. தமிழிலேயே கட்டுரை எழுதலாம்.

ஒரு கட்டுரை போகும் வழி

‘கை’ மாநாட்டின் நடைமுறையை வைத்தே சொல்கிறேன். மற்றவை இதன் சுருக்கமான வடிவங்கள்தான்.

1. கேள்வியும் களமும். “செயலி செய்தோம், நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்” என்பது ஆய்வு ஆகாது. யார், எங்கே, எதைச் செய்யும்போது, எதில் தடுக்கியது, அதிலிருந்து மற்ற ஊருக்கும் பொருந்தும் எதைக் கற்றோம் என்பது வேண்டும். குறைந்த ஆட்களிடம் ஆழமாகப் பேசிச் செய்த ஆய்வுக்கும் மதிப்பு உண்டு. நூறு பேருக்குக் கூகுள் படிவம் அனுப்பினால்தான் ஆய்வு என்பது நம் கல்லூரிகளில் ஊறிப்போன தவறான எண்ணம்.

2. முன்னவர்கள் செய்ததைப் படிப்பது. முன்பு ஏசிஎம் நூலகத்துக்குப் பல்கலைக்கழகச் சந்தா வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் அதன் வெளியீடுகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம் என்ற நிலை வந்திருக்கிறது. சந்தா கட்ட வசதியில்லாத மலைக் கல்லூரிக்கு இது பெரிய விஷயம். மறுபக்கமும் உண்டு: வெளியீட்டுச் செலவு எழுதுபவர் பக்கம் நகர்கிறது. அந்தச் செலவை நிறுவனமே ஏற்கும் ஏசிஎம் திட்டத்தில் உங்கள் நிறுவனம் இருக்கிறதா, இல்லையென்றால் என்ன தள்ளுபடி கிடைக்கும் என்று அனுப்பும் முன்பே அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள்.

3. எழுதுவது. ஏசிஎம் கொடுக்கும் வார்ப்புருவில் எழுத வேண்டும். பெயர், கல்லூரி, வழிகாட்டி யார் என்று எதுவும் கட்டுரைக்குள் தெரியக் கூடாது. நன்றியுரைகூட அப்போது வைக்கக் கூடாது.

4. அனுப்புவது. தலைப்பும் சுருக்கமும் செப்டம்பர் தொடக்கத்தில், முழுக் கட்டுரை சில நாள் கழித்து. கெடு பெரும்பாலும் பூமியின் கடைசி நேர மண்டலப்படி இருக்கும். நமக்கு மறுநாள் மாலை ஐந்தரை மணி. அந்தக் கடைசி மணிநேரத்தை நம்பாதீர்கள். மழைநாளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் எந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

5. மதிப்பீடு. யார் எழுதியது என்று மதிப்பிடுபவருக்குத் தெரியாது, யார் மதிப்பிட்டது என்று உங்களுக்கும் தெரியாது. உதகைக் கல்லூரிக் கட்டுரையும் ஸ்டான்ஃபோர்டு கட்டுரையும் ஒரே மேசையில் பெயரில்லாமல் கிடக்கும். முழுவதும் சமமான ஆட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆங்கில நடையும் மேற்கோள் காட்டும் பழக்கமும் நிறையக் காட்டிக்கொடுக்கும். ஆனாலும் கல்லூரிப் பெயரைப் பார்த்தே கதவை மூடும் நிலைமைக்கு இது எவ்வளவோ மேல்.

6. திருத்தம். குளிர்காலத்தில் முதல் முடிவு வரும். சிலவற்றை அப்போதே நிராகரிப்பார்கள், சிலவற்றைத் திருத்தி மறுபடி அனுப்பச் சொல்வார்கள். இறுதி முடிவு ஜனவரி வாக்கில், மாநாடு ஏப்ரல் அல்லது மே மாதம். ஏற்கப்பட்டால் எழுதியவர்களில் ஒருவராவது பதிவுக் கட்டணம் கட்டிப் பங்கெடுக்க வேண்டும்.

நிராகரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாலில் மூன்று திரும்பி வரும் இடத்தில் நிராகரிப்பு என்பது அவமானம் அல்ல. முகம் தெரியாத மூன்று நான்கு பேர் உங்கள் கட்டுரையை வரி வரியாகப் படித்துப் பக்கக்கணக்கில் குறை எழுதியிருப்பார்கள். அப்படிப் படிக்கும் ஆள் நம் கல்லூரிகளில் காசு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. அதை வைத்துத் திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்புவதுதான் துறையின் வழக்கம்.

முழுக் கட்டுரை இல்லாமலும் போகலாம்

சுவரொட்டிக் காட்சி, செயல்விளக்கம், ஒரு நாள் பயிலரங்கு, முனைவர் பட்ட மாணவர்களுக்கான தனி அமர்வு என்று சிறு வாசல்கள் உண்டு. பயிலரங்குக்குச் சில பக்கக் குறிப்பு போதும். பேசும் வாய்ப்போ அதிகம். சுவரொட்டி முன்னால் நின்றால் ஒவ்வொருவரிடமும் நிதானமாகப் பேசலாம். ஆங்கிலத்தில் மேடைப் பேச்சுக்குப் பயப்படுபவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

அப்புறம் மாணவர் தன்னார்வலர் வழி. ‘கை’ மாநாட்டில் இருபது மணி நேரம் வேலை செய்தால் பதிவுக் கட்டணம் கிடையாது: அரங்க வாசலில் நிற்பது, ஒலிவாங்கி கொடுப்பது, பதிவு மேசையில் உட்காருவது. ஆட்களைப் பெரும்பாலும் குலுக்கலில் எடுக்கிறார்கள். பயணச் செலவு நம்முடையதுதான் என்றாலும், கட்டுரை எதுவும் இல்லாத முதுகலை மாணவருக்கும் திறந்திருக்கும் வழி இது.

செலவு

வெளிநாட்டு மாநாட்டில் மாணவர் கட்டணமே சில நூறு டாலர். விமானம், தங்குமிடம், விசா தனி. ஐரோப்பாவின் ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. நீலகிரிக்காரருக்குப் பாஸ்போர்ட் கோவை மண்டல அலுவலகத்தின் கீழ் வரும். கூடலூர், பந்தலூர் மாணவருக்கு விசா நேர்காணலுக்குப் பெருநகரம் போய்வருவது என்பதே இரண்டு மூன்று நாள் வேலை. கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் பல நேரம் காலம் போதாது. எழுதத் தொடங்கும்போதே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள் உண்டு. சிக்காய் பிரிவு கேரி மார்ஸ்டன் பெயரில் பயண உதவி தருகிறது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, வசதி குறைந்த நாடுகளின் மக்களுக்கான வடிவமைப்புக்காக உழைத்து 2013-ல் மறைந்தவர் அவர். அவர் பெயரில் உள்ள உதவிக்கு நம் பக்கத்து மாணவர்கள் விண்ணப்பிக்கத் தயங்கவே கூடாது. முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஏசிஎம் இந்தியாவும் ஐஆர்க்ஸ் என்ற இந்தியக் கணினி ஆய்வாளர் அமைப்பும் சேர்ந்து தரும் உதவி உண்டு. முன்பு மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியமான எஸ்இஆர்பி தந்துவந்த பன்னாட்டுப் பயண உதவி இப்போது அதன் இடத்தில் வந்த ஏஎன்ஆர்எஃப் பொறுப்பில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று: பல உதவிகள் போய்வந்து ரசீது கொடுத்த பிறகே கைக்கு வரும். முன்பணம் கேட்டு எழுதுங்கள். கேட்டால் தரும் அமைப்புகளும் உண்டு.

இந்தியாவுக்குள் என்றால் சில ஆயிரத்தில் முடிக்கலாம். இந்தியா எச்சிஐ பெரும்பாலும் நவம்பரை ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதை மண்சரிந்து மூடும் மாதமும் அதுதான். ரயிலுக்கு முந்தைய நாளே மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவது நல்லது.

சான்றிதழ் விற்கும் கூட்டங்கள்

இது ஏன் இவ்வளவு பெருகியது? 2016 பல்கலைக்கழக மானியக் குழு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரைகளும் வேண்டும் என்றன. ஆசிரியர்களுக்கும் பதவி உயர்வு மதிப்பெண்ணில் மாநாடு சேர்ந்தது. வழிகாட்டலோ, நேரமோ, பணமோ தராமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் என்ன நடக்குமோ அது நடந்தது: எண்ணிக்கையை விற்கும் கடைகள் வந்தன. 2022-ல் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. ஆனாலும் தங்கள் அளவில் தொடர்ந்து கேட்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. மாணவரைக் குற்றம் சொல்வது எளிது. வேர் இந்த விதியில் இருந்தது.

இந்தக் கூட்டங்கள் எதையும் படிப்பதில்லை என்பது நிரூபணமான விஷயம். 2005-ல் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் மூவர், அர்த்தமில்லாத கணினிக் கட்டுரைகளைத் தானாக எழுதும் ஒரு நிரலைச் செய்து, அதன் கட்டுரை ஒன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்கப்பட்டது. பிறகு 2014-ல், அதே நிரல் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கும் மேல் பெரிய பதிப்பகங்களின் மாநாட்டுத் தொகுப்புகளிலேயே இருந்தது தெரிந்து நீக்க வேண்டியதாயிற்று. ஆகவே பெரிய பெயரைப் பார்த்ததும் நம்பிவிடுவதும் போதாது.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்:

1. நாள் கணக்கு. சில நாளில் ஏற்புக் கடிதம் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். மதிப்பீட்டுக் குறிப்பு எங்கே என்று கேளுங்கள்.

2. எல்லை. பொறியியல், மருத்துவம், மேலாண்மை, இலக்கியம் எல்லாம் ஒரே மாநாட்டில் என்றால் விலகிவிடுங்கள்.

3. குழுவில் உள்ள பெயர்கள். அந்தப் பேராசிரியர்களின் சொந்தப் பக்கத்தில் இந்த மாநாடு இருக்கிறதா என்று பாருங்கள்; ஐயம் இருந்தால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். கேட்காமலே பெயரைப் போட்டிருப்பார்கள்.

4. போன ஆண்டுத் தொகுப்பு. இரண்டு கட்டுரையையாவது எடுத்துப் படித்துப் பாருங்கள். வேறு எந்தச் சோதனையையும்விட இது அதிகம் சொல்லும்.

5. ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் வருவது உறுதி என்ற வாக்கு. நேர்மையான எந்த மாநாடும் மாநாடு நடக்கும் முன் இப்படி உறுதி கொடுக்காது.

கட்டணம் கேட்பது மட்டும் போலிக்கு அடையாளம் அல்ல. நல்ல மாநாடும் கேட்கும். அதேபோல உதகையில் நடப்பதால் ஒரு மாநாடு போலியாகிவிடாது. ஆனால் அழைப்பில் ஆய்வைவிடப் படகு இல்லமும் தொட்டபெட்டாவும் பெரிதாக இருந்தால், அது எதை விற்கிறது என்று யோசியுங்கள்.

நீலகிரியில் எழுத என்ன இருக்கிறது?

‘கை’ மாநாட்டில் 2006-லேயே தமிழ்நாட்டுக் கிராமம் பேசப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் காகிதத்தில் எழுதும் கணக்கை கேமரா போன் வழியாகக் கணினிக்குக் கொண்டுபோவது எப்படி என்று தபன் பாரிக்கும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆராய்ந்திருந்தார்கள். காகிதத்தை ஒழிக்கவில்லை, பெண்களுக்குப் பழகிய காகிதத்தை வைத்துக்கொண்டே வழி தேடினார்கள். 2010-ல் குஜராத் விவசாயிகள் சாதாரண போனில் கேள்வியைப் பேசிப் பதிவுசெய்து, மற்றவர் பதிலைக் கேட்கும் அவாஜ் ஒட்டலோ என்ற குரல்வழிச் சேவை பற்றிய ஆய்வு அங்கே வந்தது. இவை உலக அளவில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆகவே நம் ஊர்ப் பிரச்சினையை வெளியே யார் கேட்பார்கள் என்ற தயக்கத்துக்கு இடமே இல்லை.

நீலகிரியில் கண்ணெதிரே இருப்பவை சில:

இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகை, கொடைக்கானல் வரும் வாகனங்களுக்கு இது கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. நீதிமன்றம் எழுதியது ஒரு கொள்கை. சாலையில் நிற்பவருக்கோ அது ஒரு படிவமும் ஒரு க்யூஆர் குறியும். சோதனைச் சாவடிக்கு வந்த பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதையே அறியும் ஓட்டுநர், அங்கே சிக்னல் இல்லாத போன், ஒவ்வொரு வண்டியாக ஸ்கேன் செய்யும் ஊழியர், இவர்கள் நடுவே அந்தப் படிவம் எப்படி இயங்குகிறது? கொள்கை திரையாக மாறும்போது யாருடைய வேலை கூடுகிறது? சாவடியில் அனுமதி வாங்கி ஒரு வாரம் நின்று பார்த்து எழுதினால் எந்த நாட்டு நகரத்துக்கும் பயன்படும் ஆய்வு அது.

மொழி. படுகு மொழி பேசுபவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதைத் தமிழ் எழுத்தில் தட்டினால் சொல் பரிந்துரைக்கும் விசைப்பலகை அதைத் தப்பான தமிழாக நினைத்துத் திருத்தப் பார்க்கும். தோடர், கோத்தர் மொழிகளைப் பேசுபவர்கள் ஓரிரு ஆயிரம் பேர் அளவில்தான். குரல் உதவியாளர்கள் பெருகும் காலத்தில் இந்த மொழிக்காரர்கள் போனிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள், பாட்டியும் பேரனும் ஒரே போனைப் பயன்படுத்தும் வீட்டில் என்ன நடக்கிறது? வெளியூர் ஆய்வாளருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது.

யானை. பக்கத்து மலையான வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும் சொன்னார்கள். அதோடு உயரமான இடங்களில் சிவப்பு விளக்கும் வைத்து, யானை அருகில் இருந்தால் அதை எரியவிட்டார்கள். பேருந்திலிருந்து இரவில் இறங்குபவர் போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. தலையைத் தூக்கினால் போதும். கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்டங்களுக்கு எது பொருந்தும், பொய் எச்சரிக்கை எத்தனை வந்தால் மக்கள் கவனிப்பதை நிறுத்துவார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட வடிவமைப்புக் கேள்வி.

தேயிலை. சிறு விவசாயி பச்சைத் தேயிலையை எடை போடும் மின்னணுத் தராசின் எண்ணை அவரால் பார்க்க முடிகிறதா, அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? இவ்வளவு சிறிய விஷயத்திலிருந்து ஒரு முழு ஆய்வு வளரும்.

யாரை, எப்படிக் கேட்பது?

தமிழ்நாட்டில் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு சமூகங்களும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். 1901–02-ல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் தோடர்களிடையே வேலை செய்த காலத்திலிருந்து, வருபவர் கேட்டு எழுதிக்கொண்டு போவதும் எழுதியது திரும்பி வராததும் இங்கே பழகிப்போன கதை. கேட்டுக் கேட்டு அலுத்த மக்கள் இவர்கள்.

உதகை டவுனில் வளர்ந்ததால் மட்டும் ஒரு தோடர் மந்தில் (குடியிருப்பில்) நீங்கள் உள்ளூர்க்காரர் ஆகிவிட மாட்டீர்கள். மாநாடுகளும் இதை இப்போது கறாராகக் கேட்கின்றன. கல்லூரியில் அறநெறிக் குழு இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால், எப்படி ஒப்புதல் பெற்றீர்கள் என்று கட்டுரையில் விரிவாக எழுத வேண்டும். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது ஒப்புதல் ஆகாது. அவர்கள் மொழியில் வாயால் விளக்கி, எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதைச் சொல்லி, அவர்கள் குரலில் சம்மதம் வாங்க வேண்டும். தினக்கூலிக்காரரின் அரை நாளை எடுத்தால் அதற்கான கூலியைக் கொடுங்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் ஊர்களுக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். அது கிடைக்க மாதங்கள் ஆகலாம்.

மொழிபெயர்த்து, கூட நடந்து, யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த ஊர் இளைஞரின் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக நின்றுவிடக் கூடாது. ஆய்வை வடிவமைப்பதிலும் எழுதுவதிலும் பங்கு இருந்தால் அவரும் ஆசிரியர்தான்.

மேடையும் அதற்குப் பிறகும்

பேசக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம், பிறகு கேள்விகள். எல்லாவற்றையும் சொல்ல முயல வேண்டாம். நீலகிரி எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு படம், ஒரு மனிதருக்கு நேர்ந்த ஒரு தடங்கல், அதிலிருந்து கண்டது, அது போதும். கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. அந்த அரங்கில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. மற்ற நேரத்தில் தேநீர் இடைவேளையைத் தவறவிடாதீர்கள். அடுத்த ஆய்வின் கூட்டாளியும் மேற்படிப்பு வழிகாட்டியும் அங்கேதான் கிடைப்பார்கள். யாரைச் சந்திக்க வேண்டும் என்று முன்பே பார்த்து, அவர்கள் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும், ஒரு மாதத்துக்குள், கண்டதைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதிப் பேசிய ஊர்களில் படித்துக் காட்டுங்கள். தவறு என்று அவர்கள் சொன்னால் குறித்துக்கொண்டு அடுத்த கட்டுரையில் எழுதுங்கள். அதிகாரிக்குப் பயன்படும் பகுதியை ஒரே பக்கமாக்கி வட்டாட்சியர் அல்லது வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள்.

அடுத்த செப்டம்பர் கெடுவுக்குக் கள வேலை எப்போது என்பதையும் அப்போதே போட்டுவிடலாம். பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீ அபாயத்தால் வனப்பகுதிக்குள் கட்டுப்பாடு வரலாம். ஏப்ரல், மே மாதம் சீசன் நெரிசலில் பேருந்து எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இ-பாஸைப் பற்றி ஆராய்பவருக்கு மட்டும் அதுவே சரியான காலம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பந்தலூர், தேவாலா பக்கம் ஊர் ஊராக நடக்க முடியாது. வனத்தை ஒட்டிய ஊர்கள் என்றால் ஜனவரியிலும், தேயிலைப் பகுதி என்றால் மார்ச்சிலும் களத்தை முடித்துக்கொண்டு, மழை மாதங்களை வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத வைத்துக்கொள்வது வசதி.